மூன்று சாவு மேளங்கள் – டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை



நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே பார்த்து, மதுரையில் பார்த்து, அதற்கும் மேலே ஆகவில்லை என்றால், கடன் வாங்கியாவது வேலூருக்குக் கொண்டு போவார்கள். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, ரிப்போர்ட் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சி.எம்.சி. வாசலில் நின்றவர்கள் நம்ம சபையிலேயே எத்தனை பேர்! ஆனால் அந்த ஆஸ்பத்திரி எதனால் வந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. யாரோ வெள்ளைக்கார அம்மா கட்டினது என்பதோடு நிறுத்திவிடுவோம்.

பிள்ளைப்பேறு என்ற ஒரே விஷயத்தினால் வந்தது அது. அதிலும், பதினாலு வயசுப் பிள்ளை ஒன்று பிரசவத்தில் செத்ததனால் வந்தது. அதனால்தான் இந்த மாதம் இந்த அம்மையாரின் வாழ்க்கையை எழுதத் துணிந்தேன். இதில் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அதை நடுவில் சொல்லுகிறேன்.

மிஷனெரி ஆகமாட்டேன் என்ற பெண்

ஐடா ஸோபியா ஸ்கடர் 1870-ம் வருஷம் டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1819-ல் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஊழியம் ஆரம்பித்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனெரி என்று அவரைச் சொல்லுவார்கள். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பமே இந்த மண்ணில் ஊழியம் செய்தது. ஐடாவின் அப்பாவும் டாக்டர்தான்.

ஐடா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துக் கதைகளில் வருமே, அந்தப் பஞ்சம். 1876-லிருந்து 1878 வரை. ஆறு ஏழு வயசுக் குழந்தை தன் கையால் ரொட்டித் துண்டுகளை, எழுந்து நிற்கவும் பெலனில்லாத பிள்ளைகளின் வாயில் வைத்தாள். சாலையோரத்தில் கிடந்த சின்னச் சின்ன உடல்களைப் பார்த்தாள். அந்தக் காட்சி அந்த மனசில் எப்படி வேலை செய்தது என்று நினைக்கிறீர்கள்? இந்தியாவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. மிஷனெரி பிள்ளை என்றால் தானாகவே ஊழியத்துக்கு வந்துவிடுவாள் என்று நாம் நினைக்கிறோம், பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் அப்படியே நினைக்கிறோம். அது உண்மை இல்லை.

குடும்பம் அமெரிக்கா திரும்பியது. கொஞ்ச வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் மறுபடியும் இந்தியாவுக்கு வந்துவிட, ஐடா அங்கேயே தங்கி, டி. எல். மூடி பிரசங்கியார் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தார். மூடியின் பெயர் நம்ம எல்லாருக்கும் தெரியும். அவருடைய பள்ளியில் படித்தும்கூட, நல்ல இடத்தில் கல்யாணம் முடித்து அமெரிக்காவிலேயே வாழவேண்டும் என்பதுதான் இந்தப் பெண்ணின் ஆசை. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. கொஞ்ச நாள் உதவியாக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் திண்டிவனத்துக்கு வந்தார்.

திண்டிவனத்து இரவு

ஒரு ராத்திரி ஐடா தன் அறையில் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வராண்டாவில் காலடிச் சத்தம். ஒரு பிராமண வாலிபன் நின்றான். அவன் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள், மருத்துவச்சியால் ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் வரவேண்டும் என்று கேட்டான். அந்த மனைவிக்கு வயசு பதினாலுதான் இருக்கும். ஐடாவுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. என் அப்பா டாக்டர், அவரைக் கூட்டி வருகிறேன் என்றார். அவன் பின்வாங்கினான். வேற்று ஆண் தன் மனைவியைத் தொடுவதா? அதைவிட அவள் செத்துப்போவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் படபடப்பு அடங்குமுன்னே மறுபடியும் காலடி. இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அதே வேதனை, அதே வேண்டுகோள். அப்பாவும் பக்கத்திலேயே நின்று கெஞ்சிப் பார்த்தார். அவனும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாக இன்னொரு உயர்ஜாதி இந்து வந்தான். அவனும் அப்படியே திரும்பிப் போனான்.

பிரியமானவர்களே, மூன்று பேரும் மனைவிமேல் அன்பில்லாதவர்கள் அல்ல. அன்பு இல்லாவிட்டால் நடுராத்திரியில் வெள்ளைக்காரர் பங்களாவுக்கு ஓடி வந்திருப்பார்களா? ஊர் என்ன சொல்லும், ஜாதி என்ன சொல்லும் என்ற பயம் அந்த அன்பைவிடப் பெரிசாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரனை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு ஜெபித்தார். வெளியே வந்தபோது, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு இந்தியப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் திரும்பி வருவேன் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

இந்தக் கதையை எத்தனையோ கன்வென்ஷனில் கேட்டிருப்பீர்கள். மூன்று சாவு என்பதோடு முடித்து, அழைப்புக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதினாலு வயசு ஏன் அங்கே இருக்கிறது என்று நான் வெகு நாள் யோசிக்கவில்லை.

பதினாலு, பதினைந்து வயசில் பெண்பிள்ளையின் இடுப்பெலும்பு முழுசாக வளர்ந்திருக்காது. பிள்ளையின் தலை இறங்க வழி போதாமல் வேதனை நாள்கணக்கில் இழுக்கும். தப்பிப் பிழைத்தாலும் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, மூத்திரம் ஒழுகிக்கொண்டே இருக்கும் நிலை சிலருக்கு வரும். அதற்கும் மேலே, வளருகிற பிள்ளைக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவு. வயிற்றில் இன்னொரு பிள்ளையும் வளர்ந்தால் அந்த உடம்பு எங்கே போகும்? இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வருவதும், மாசம் நிறையாமல் எடை குறைந்த குழந்தை பிறப்பதும் இருபது வயசு தாண்டிய தாய்மாரைவிட இந்த இளம் பிள்ளைகளுக்கு அதிகம். உலக சுகாதார நிறுவனம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது.

என் கணக்கு

இப்போது என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்தில் ஒரு வீட்டுக்கு என்னை ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். பதினாறு வயசுப் பெண். பள்ளிக்கூடத்தை நிறுத்தி, சொந்தத்திலேயே ஒரு பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாசம். பிள்ளைக்கு மயக்கம் வருகிறது பாஸ்டரய்யா, எண்ணெய் பூசி ஜெபியுங்கள் என்று தாய் கேட்டாள். ஜெபித்தேன். காபி குடித்தேன். வந்துவிட்டேன். செக்கப் போனீர்களா, அட்டை போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. வயசு தெரிந்தால் கேஸ் ஆகிவிடும் என்று அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. எட்டாம் மாசம் வலிப்பு வந்து, 108 வண்டியில் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தை இல்லை.

தேவன் சுகம் தருகிறார் என்று நான் இன்றும் விசுவாசிக்கிறேன். அதைத்தான் பிரசங்கிக்கிறேன். ஆனாலும் பவுலோடு கூடப் பிரயாணம் பண்ணினவர்களில் லூக்கா என்ற வைத்தியன் இருந்தான். எகிப்திலே தேவனுக்குப் பயந்து பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றின சிப்பிராளும் பூவாளும் மருத்துவச்சிகள். அந்த வீட்டில் நான் ஜெபித்ததில் தப்பில்லை. ஜெபித்து முடித்ததும் அந்தப் பிள்ளையை நர்ஸம்மாவிடம் அனுப்பாமல் வந்ததுதான் தப்பு.

இனி அம்மையாருக்குத் திரும்புவோம்.

பத்தாயிரம் டாலர்

1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கடைசியில், பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்த நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899-ல் டாக்டர் ஆனார். இந்தியாவுக்குப் புறப்படும் முன், வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரி கட்ட எட்டாயிரம் டாலர் சேர்க்கும்படி மிஷன் அவரிடம் சொல்லியிருந்தது. கையில் நாள் இல்லை. பணமும் சேரவில்லை. ஒரு வீட்டில் மிஷன் சங்கத்துத் தலைவியான ஒரு அம்மாளிடம் அவர் தன் பாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததை, அடுத்த அறையில் இருந்த ஷெல் என்ற வயதான பேங்குக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டு விசாரித்து, இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் ஞாபகமாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்!

1900 ஜனவரியில் தன் சிநேகிதி ஆனி ஹான்காக் என்ற மிஷனெரியோடு வந்து இறங்கினார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். மே மாசத்தில் அப்பா புற்றுநோயால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தனியாக நின்றார். வேலூர் பங்களாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் மருந்து கொடுக்க ஆரம்பித்தார். ஆரம்பத்தில் ஜனங்கள் வரப் பயந்தார்கள். பிறகு கூட்டம் தாங்கவில்லை. இரண்டு வருஷத்தில் சுமார் ஐயாயிரம் பேரைப் பார்த்தார் என்பார்கள். ஆபரேஷனுக்குப் பக்கத்தில் நிற்க நர்ஸ் இல்லை. பங்களாவில் சமையல் வேலை செய்தவரின் மனைவி சலோமியை நிற்கவைத்துப் பழக்கினார். சலோமி படித்தவள் அல்ல, ஆனால் அந்தக் கை இல்லாமல் அந்த ஆபரேஷன்கள் நடந்திருக்காது. சரித்திரத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. 1902-ல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

வராதவர்களைத் தேடி

கட்டடம் கட்டியாச்சு. ஆனால் திண்டிவனத்து மூன்று வீடு மாதிரி எத்தனையோ வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டார்கள். தூரம், வெட்கம், பயம், மாமியார், எல்லாம் உண்டு. அம்மையார் என்ன செய்தார்? அவர்கள் வருகிறவரை காத்துக்கொண்டிருக்கவில்லை. மாட்டுவண்டியில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். 1909-ல் பிரான்ஸ் தேசத்துப் பெஜோ கார் ஒன்று கிடைத்தது. கிராமத்து ஜனங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, பிசாசு வருகிறது என்று ஓடினார்களாம்! குடியாத்தம் போகிற ரோட்டில் வாரத்துக்கு ஒரு நாள் கார் போகும். கொஞ்ச நாளில் புளியமரத்தடியில் ஜனங்கள் காத்து நிற்க ஆரம்பித்தார்கள். கார் நிற்கும், மரத்தடியிலேயே வைத்தியம். அடுத்த மரத்தடிக்குப் போகும். குறித்த நாளில் குறித்த இடத்தில் வந்து நின்றதனால்தான் அந்த அம்மாவை நம்பினார்கள்.

இந்தக் காலத்தில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் நம்ம கிராம சுகாதார நர்ஸம்மாக்கள்தான். வெயிலில் வீடு வீடாக வருகிறார்களே, அவர்களைச் சில வீட்டில் வாசலோடு அனுப்பிவிடுகிறோம். மாசமாக இருக்கிற பிள்ளையின் பெயரை முதல் மூன்று மாசத்துக்குள் அவர்களிடம் பதிய வேண்டும். அந்த பிக்மி நம்பர் பிற்பாடு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, இரத்த அழுத்தம், மூத்திரம், இரத்தம் எல்லாம் இலவசமாகப் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரையும் தடுப்பூசியும் தருவார்கள். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப்போகும், பெரிசாகி ஆபரேஷன் ஆகிவிடும் என்று பாட்டிமார் சொல்லுவதில் உண்மை கிடையாது. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், இரத்தப்போக்கு, பிள்ளையின் துடிப்புக் குறைதல், இதில் எது வந்தாலும் ஜெபக்கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை என்றால்? இதுதான் வீட்டில் ஒளித்து வைக்கும் காரணம். 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரியார் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், உண்மைதான். அதற்காகச் சிகிச்சை கொடுக்காமல் திருப்பி அனுப்பச் சட்டம் சொல்லவில்லை. கர்ப்பத்தைக் கலைக்க வருகிற சிறு பெண்ணின் விஷயத்தில், அவளும் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டால் டாக்டர் அவள் பெயரைப் போலீசுக்கு வெளியிட வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேஸுக்குப் பயந்து பிள்ளையை மறைத்தால் கேஸும் நிற்காது, பிள்ளையும் நிற்காது. 1098 என்ற நம்பரில் பிள்ளைகளுக்கான உதவி கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மூப்பர்களும் கேளுங்கள். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் நடத்திவைக்கிறவருக்கு, அது பாஸ்டராக இருந்தாலும், 2006-ம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. தெரியாமல் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணைச் சபை முன்னால் நிற்கவைத்துப் பேசுகிற வழக்கம் நம்ம நடுவில் இருந்தது. பந்தியிலிருந்து தள்ளினார்கள், அவள் தாயும் சபைக்கு வருவதை நிறுத்தினாள். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, சபைக்கும் வரவில்லை. இரண்டு கதவும் அடைத்துக்கொண்டது. யாருக்கு என்ன லாபம்? மரியாள் தேவதூதன் வார்த்தையைக் கேட்டதும் மலைநாட்டுக்குப் போய் மூத்தவளான எலிசபெத்தின் வீட்டில் மூன்று மாசம் இருந்தாள் என்று வாசிக்கிறோம். நம்ம சபையில் எலிசபெத் அக்காமார் இல்லாமலா இருக்கிறார்கள்?

படிக்கவைத்த தாய்

ஒரு டாக்டரம்மாவால் எத்தனை ஊருக்குப் போகமுடியும்? இந்தியப் பெண்களையே டாக்டராக்கினால்தான் ஆகும் என்று அம்மையாருக்குப் புரிந்தது. முதலில் நர்சுப் பள்ளி வந்தது. பிறகு மருத்துவப் பள்ளிக்கு அரசாங்கத்தில் அனுமதி கேட்டார். ஆறு பெண்கள் கிடைத்தால் ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்றார் பெரிய அதிகாரி, அது கிடைக்காது என்ற நினைப்பில். 151 விண்ணப்பம் வந்தது! 1918 ஆகஸ்ட் 12-ல் பள்ளி ஆரம்பமானது. முதல் வருஷப் பரீட்சையில் ஆண்களே அதிகம் பேர் தேறமாட்டார்கள், உங்கள் பெண்கள் பெயிலானால் மனம் தளராதீர்கள் என்று அந்த அதிகாரியே முன்கூட்டிச் சொல்லியிருந்தாராம். எழுதிய பெண்கள் எல்லாரும் பாஸ். 1922-ல் பதினாலு பேர் டாக்டராக வெளியே வந்தார்கள். பதினாலு என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திண்டிவனத்துப் பிள்ளையின் வயசு ஞாபகத்துக்கு வருகிறது. தற்செயல்தான், இருந்தாலும் வருகிறது.

எல்லாம் நேராகப் போகவில்லை. 1938-ல் அரசாங்கம் சட்டத்தை மாற்றியது. பழைய எல்.எம்.பி. படிப்பு இனிச் செல்லாது, எம்.பி.பி.எஸ். தான் என்றது. அதற்கு வேண்டிய கட்டடமும் பேராசிரியர்களும் பணமும் இல்லை. அறுபத்தேழு வயசில், ஓய்வெடுக்க வேண்டிய காலத்தில், கட்டினதெல்லாம் மூடிப்போகும் நிலை. ஆண்களையும் சேர்த்து, எல்லா மிஷனும் சேர்ந்து நடத்தினால் பிழைக்கும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்கென்றே ஆரம்பித்ததை மாற்றுவதா என்று, வருஷக்கணக்காகப் பணம் திரட்டிக்கொடுத்த அருமை சிநேகிதி லூசி பீபடி அம்மையாரே எதிர்த்து நின்றார். அந்தப் பிரிவு ஐடாவுக்குப் பெரிய துக்கம். ஆனாலும் யுத்த காலத்தில் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் சேர்த்தார். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி கொடுத்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். 1946-ல் அம்மையார் பொறுப்பை விட்டார். பிற்பாடு அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவர், பிரசவ வைத்தியத்தில் பேர்பெற்ற நம்ம நாட்டு டாக்டர் ஹில்டா லாசரஸ்.

அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிரித்த முகம். அறுபது தாண்டியும் டென்னிஸ் ஆடுவார். பாட்டியோடு ஆடவைத்துவிட்டார்களே என்று முணுமுணுத்த இளம் பிள்ளையை ஒரு ஆட்டமும் கொடுக்காமல் தோற்கடித்ததை வேலூரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். டாக்டர் ஐடா, இந்தியா என்று மாத்திரம் எழுதிப் போட்ட கடிதம் சரியாக அவர் கைக்கு வந்து சேர்ந்ததும் உண்டு.

கடைசி வருஷங்களைக் கொடைக்கானலில் ஹில்டாப் என்ற வீட்டில் கழித்தார். 1960 மே மாசம், எண்பத்தொன்பதாம் வயசில், அங்கேயே மகிமைக்குள் பிரவேசித்தார். ஆஸ்பத்திரியின் நூறாம் வருஷமான 2000-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாசமான பெண்களுக்கான செக்கப் நாள். துணைக்கு வர ஆளில்லாத பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும், வயசு எதுவானாலும், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், என் மனைவியிடம் சொல்லுங்கள். கூட வருவாள். பெயரைச் சபையில் வாசிக்கமாட்டோம்.